கண்டெடுத்த பொருளின் கலை: வில்லியனூரை முன்வைத்து ஒரு மறுப்பு

அன்றாடப் பொருள்களைக் கொண்டும், தெருவிலும் வீட்டிலும் கண்டெடுத்த பழம்பொருள்களைக் கொண்டும் ஆக்கப்படும் சமகாலக் கலையைப் பற்றி, குறிப்பாக ஜப்பானியக் கலைஞர்களின் இத்தகைய ஆக்கங்களைப் பற்றி, தமிழ்ச் சூழலில் ஒரு கருத்து வலுவாக வேரூன்றியிருக்கிறது. அது மூன்று கூறுகளைக் கொண்டது. பழைய சாவிகளையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் மரத்துண்டுகளையும் ஓர் அறையில் வைத்துவிட்டுக் கலை என்று பெயரிடுவதில் கைத்திறன் ஏதும் இல்லை என்பது முதற்கூறு. இது ஐரோப்பியர் தொடங்கிவைத்த வழக்கம், ஜப்பானியர் செய்வது அதன் நகல், இந்தியர் செய்வது அந்த நகலின் நகல் என்பது இரண்டாவது. இப்பொருள்கள் காட்சியகத்தின் வெள்ளைச் சுவர்களுக்குள் இருக்கும்வரைதான் கலை, வெளியே வந்துவிட்டால் குப்பை என்பது மூன்றாவது. புதுச்சேரிப் பகுதியில் இக்கருத்தை முன்வைப்போருக்கு வில்லியனூர்ச் சுடுமண் சிற்பம் கைக்கெட்டிய எதிர்ச்சான்றாக அமைந்துவிடுகிறது: அங்கே உழைப்பும் மரபும் மண்ணும் இருக்கின்றன, இங்கே வெறும் அடுக்கல்தான் இருக்கிறது என்று அவர்கள் வாதிடுகின்றனர். இக்கட்டுரை அம்மூன்று கூறுகளையும் மறுக்கிறது; எதிர்ச்சான்றாக நிறுத்தப்படும் வில்லியனூரே அக்கருத்தை வீழ்த்தும் வலிய சாட்சி என்று நிறுவவும் முற்படுகிறது.

இக்கருத்தை உடையோரின் நோக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. களிமண்ணை மிதித்துப் பதப்படுத்தி, வெயிலிலும் சூளைப் புகையிலும் நாளெல்லாம் நின்று ஒரு குதிரையையோ ஒரு விளக்கையோ ஆக்குகிற கைகளுக்குக் கிடைக்கும் கூலிக்கும், வெளிநாட்டுக் காட்சியகத்தில் நூலால் பின்னப்பட்ட ஒரு பழைய படகுக்குக் கிடைக்கும் புகழுக்கும் இடையிலுள்ள தொலைவு உண்மையானது. அதைக் கண்டு எழும் சினமும் நியாயமானது. அன்றாடப் பொருள்களைக் கொண்ட ஆக்கங்களுள் சிந்தனையின்றி அடுக்கப்பட்டவையும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. சிந்தனையற்ற ஆக்கங்கள் எண்ணெய் ஓவியத்திலும் வெண்கல வார்ப்பிலும்கூட ஏராளமாக உண்டு. ஒரு கலைவகையை அதன் சோம்பலான ஆக்கங்களைக் கொண்டு எடைபோடுவது எந்த மரபுக்கும் நீதி செய்யாது. எடைபோட வேண்டியவை அவ்வகையின் சிறந்த ஆக்கங்களே. அவற்றை அருகில் சென்று நோக்கினால், மேற்கூறிய மூன்று கூறுகளுள் ஒன்றும் நிற்பதில்லை.

முதலில் கைத்திறன் பற்றிய வாதம். 1968ஆம் ஆண்டு அக்டோபரில், கோபே நகரின் சுமா ரிக்யூ பூங்காவில் நடந்த சிற்பக் கண்காட்சிக்காகச் செக்கினே நொபுவோ என்னும் இளங்கலைஞர் தம் தோழர்களுடன் நிலத்தில் 2.7 மீட்டர் ஆழமும் 2.2 மீட்டர் விட்டமும் கொண்ட உருளை வடிவக் குழி ஒன்றைத் தோண்டினார். தோண்டிய மண்ணை அக்குழிக்கு அருகிலேயே அதே அளவுள்ள உருளையாக இறுக்கி நிறுத்தினார். மண்ணைத் தவிர அங்கே பார்வைக்கு வேறொன்றும் இல்லை. ஆயினும் தோண்டிய பள்ளமும் நிமிர்ந்த மண்ணும் ஒன்றையொன்று அளந்துகொண்டு நின்ற அந்தக் காட்சி, ஜப்பானியக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக இன்று கருதப்படுகிறது. மோனோ-ஹா எனப்படும் கலைஞர் குழாம் இதைத் தொடர்ந்தே அடையாளம் பெற்றது. கல், மண், மரம், கண்ணாடி, இரும்புத் தகடு, பருத்தி போன்றவற்றை வேறொன்றாக உருமாற்றாமல், அவற்றை ஒன்றோடொன்றும் தாம் இருக்கும் இடத்தோடும் உறவுபடுத்தி நிறுத்துவது அக்குழாமின் வழி. கொரியாவில் 1936இல் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த லீ உஃபான் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் எழுதினார். சுகா கிஷியோ 1970இல் கியோத்தோவின் நவீனக் கலைக் காட்சியகத்தில், ஒரு சாளரத்தைத் திறந்த நிலையில் தாங்கிப் பிடிக்கும்படி மரக்கட்டைகளைப் பொருத்தி, அதையே தம் ஆக்கமாக முன்வைத்தார்.

இவற்றில் திறன் எங்கே இருக்கிறது என்று கேட்போர், திறன் என்பதை உளியின் நுணுக்கம் என்ற ஒரே பொருளில் கொள்கின்றனர். மண் எந்த ஈரத்தில் நிற்கும், எந்த ஈரத்தில் சரியும், உருளையின் எடையைக் குழியின் விளிம்பு எவ்வளவு தொலைவில் தாங்கும், கட்டையின் எந்த நீளம் சாளரத்தை வெறுமனே திறந்து வைக்கும், எந்த நீளம் அதைப் பார்ப்போரின் கவனத்துக்குரிய நிகழ்வாக்கும் என்பவை அனைத்தும் திறன் சார்ந்த முடிவுகளே. மேலும், இவ்வகைக் கலையில் கையுழைப்பே இல்லை என்பதும் தவறு. ஒசாகாவில் 1972இல் பிறந்து பெர்லினில் வாழும் சியோட்டா சிஹாரு, 2015ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியின் ஜப்பானிய அரங்கில், பலநாட்டு மக்கள் பயன்படுத்தி அனுப்பிவைத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாவிகளைச் சிவப்பு நூலில் கோத்து, இரண்டு பழைய படகுகளுக்கு மேல் மழைமேகம்போல் பின்னினார். ஒவ்வொரு முடிச்சும் கையால் இடப்பட்டது. கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்த ஷீலா கவுடா, ஊசிகளின் காதுகளில் நீண்ட நூலைக் கோத்து, அந்நூற்கற்றையைக் குங்குமமும் பசையும் கலந்து உருவிச் சிவந்த கயிறாக்கி அறை முழுவதும் ஓடவிட்ட ஆக்கம், எந்த நெசவாளரின் பொறுமைக்கும் குறைந்ததன்று.

இனி வில்லியனூருக்கு வரலாம். சங்கராபரணியாறும் ஊசுட்டேரியும் அருகமைந்த இந்தக் கொம்யூனின் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு, ஒரு பொருளின் தன்மை அது பிறந்த இடத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கிறது என்பதற்கான சட்ட ஏற்பு. இக்கலையில் வாழ்நாளைச் செலவிட்ட வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சுடுமண் சிற்பியின் திறன் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், விரல்கள் உருவத்தைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே அது தொடங்கிவிடுவது விளங்கும். எந்த மண் பிசுபிசுப்பு மிக்கது, எதில் மணல் கலந்தால் காயும்போது வெடிக்காது, எவ்வளவு உமி சேர்த்தால் சூட்டைத் தாங்கும், உருவத்தின் உட்புறத்தை எங்கே குடைந்து எங்கே காற்றுத் துளை விட்டால் நீராவி வெளியேறும், நிழலில் எத்தனை நாள் காயவைத்தபின் சூளையில் அடுக்கலாம் என்பவையே அவருடைய முதல் முடிவுகள். இவை பொருளின் இயல்பைக் கேட்டறிந்து, அந்த இயல்பு அனுமதிக்கும் எல்லைக்குள் உருவத்தை நிறுத்தும் முடிவுகள். செக்கினே மண்ணிடம் கேட்ட கேள்வியும் குயவர் மண்ணிடம் கேட்கும் கேள்வியும் ஒரே இனத்தவை. குயவர் அதற்கு மேல் உருவத்தையும் தெய்வத்தையும் சேர்க்கிறார். மோனோ-ஹா கலைஞர் அங்கேயே நின்றுவிடுகிறார். நின்றுவிடுவதும் ஒரு கலைமுடிவே என்பதை ஒப்புக்கொள்ளாதவர், குயவரின் திறனில் பாதியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத பாதியை, மதிக்கத் தவறியவராகிறார். வில்லியனூரை உயர்த்துவதாகச் சொல்லிக்கொண்டு அதன் அறிவை விரல்நுனியளவுக்குச் சுருக்கிவிடும் பிழை இது.

இரண்டாவது கூறு, நகல் பற்றியது. 1917இல் மார்செல் துஷாம்ப் நியூயார்க்கில் ஒரு பீங்கான் சிறுநீர்க்கலனைச் சிற்பமாக முன்வைத்ததிலிருந்துதான் கண்டெடுத்த பொருளின் கலை தொடங்குகிறது என்பது கலைப்பாடநூல்களின் வழக்கமான கூற்று. போருக்குப் பிந்தைய ஜப்பானியக் கலைஞர்கள் துஷாம்பை அறிந்திருந்தனர் என்பதும், ஐரோப்பிய, அமெரிக்கக் கலை இதழ்களை ஆர்வத்துடன் வாசித்தனர் என்பதும் உண்மையே. அதை மறைத்து ஜப்பானியத் தூய்மை பேசுவது வரலாற்றுக்கு இழைக்கும் பிழை. ஆனால், அறிந்திருப்பது நகலெடுப்பதாகிவிடாது. துஷாம்புக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே, தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்யூ, மீனவர் ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த மீன்கூடையைப் பெற்றுப் பூச்சாடியாகத் தம் தேநீர் அறையில் வைத்தார் என்று மரபு சொல்கிறது. கொரிய உழவர் வீடுகளில் புழங்கியதாகக் கருதப்பட்ட எளிய கிண்ணங்களை அக்காலத் தேநீர் வல்லுநர்கள் விலைமதிக்க முடியாத கலங்களாகப் போற்றினர். ஒரு பொருளை அதன் வழக்கமான பயனிலிருந்து பிரித்து இன்னொன்றாகக் காணும் இந்த வழக்கத்துக்கு ஜப்பானியர் மிததே என்று பெயரிட்டனர். துஷாம்பின் செயல் கலை நிறுவனத்தை நோக்கி எழுப்பிய அறைகூவல். ரிக்யூவின் செயல் பொருளின்மீது கவனத்தைக் குவிக்கும் ஒழுக்கம். இவை இரண்டும் வேறுவேறு ஊற்றுகள். இன்றைய ஜப்பானியக் கலைஞர் இரண்டிலும் நீர் மொள்ளும் உரிமை உடையவர்.

ஆயினும் மரபை மட்டும் கொண்டு இக்கலையை விளக்கிவிட முடியாது. ஜென், எளிமை, வெறுமை என்று மூன்று சொற்களில் ஜப்பானை முடித்துவிடும் புகழ்ச்சி, நகல் என்னும் இகழ்ச்சிக்கு எவ்வகையிலும் குறைந்த பிழையன்று. இரண்டுமே கலைஞரின் காலத்தையும் சூழலையும் பார்க்க மறுக்கின்றன. 1954இல் ஆஷியாவில் யோஷிஹாரா ஜிரோ தலைமையில் குதாய் குழு உருவானபோது, ஜப்பான் குண்டுவீச்சில் எரிந்த நகரங்களை மீண்டும் கட்டிக்கொண்டிருந்தது. அக்குழுவின் ஷிராகா கசுவோ 1955இல் சேற்றில் உடலால் புரண்டு போராடியதும், தனாக்கா அட்சுக்கோ 1956இல் மின்விளக்குகளால் ஓர் உடையை ஆக்கி அணிந்ததும், எரிந்த மண்ணுக்கும் புதிதாக ஒளிரத் தொடங்கிய நகருக்கும் இடையில் வாழ்ந்தவர்களின் செயல்கள். 1949இல் தொடங்கி, தேர்வுக்குழு இல்லாமல் எவரும் பங்கேற்கும்படி நடந்த யோமியூரி கண்காட்சியில் இளைஞர்கள் கொண்டுவந்து குவித்த உடைசல்களும் அழுகும் உணவும் கூர்மையான கருவிகளும், பொருளாதார வளர்ச்சி வீசியெறிந்தவற்றின் பட்டியல். அவற்றைத் தாங்க முடியாமல் விதிகள் கடுமையாக்கப்பட்டு, 1963க்குப் பின் அக்கண்காட்சியே நின்றுபோனது. அக்காலத்தில் ஹை-ரெட் சென்டர் என்னும் குழுவில் இருந்த அகசெகாவா கென்பெய், ஆயிரம் யென் பணத்தாளின் ஒருபக்க உருவை அச்சிட்டு, அத்தாள்களால் அன்றாடப் பொருள்களைப் பொதிந்து காட்டினார். பணத்தைப் போலச் செய்ததாக வழக்குத் தொடரப்பட்டு, 1967இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 1970இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு வெளிநாட்டு வழக்கத்தை நகலெடுத்தவருக்காக ஓர் அரசு இவ்வளவு நீண்ட வழக்கு நடத்தாது. தன் சொந்தப் பணத்தின் மதிப்பை, அதாவது தன் அன்றாடத்தின் அடித்தளத்தை, அந்தக் கலைஞர் தொட்டுவிட்டதாலேயே அது நிகழ்ந்தது.

நகலின் நகல் என்னும் வாதம் புதுச்சேரி மண்ணில் இன்னும் வலுவிழந்துபோகிறது. எளிய பொருளை எடுத்து, அதன் எளிமையை மறைக்காமல், வேறொரு தகுதிக்கு உயர்த்தும் வழக்கம் இப்பகுதிக்கு எவரும் கற்பித்துத் தர வேண்டிய ஒன்றன்று. மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. படித்து முடித்த தாள்களை ஊறவைத்து அரைத்து, பசை சேர்த்து அச்சில் அழுத்தி, வெயிலில் உலர்த்தி வண்ணம் தீட்டும் அத்தொழில், பயன் தீர்ந்த பொருளுக்கு மறுவாழ்வு தரும் கலையே. பாகூர் வட்டாரத்து நெல்வயல்களில் வைக்கோலைத் திணித்த பழஞ்சட்டைக்கு மேல் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் இட்ட சட்டிபானையைக் கவிழ்த்து நிறுத்தும் உருவம், நான்கே பொருள்களால் மனிதச் சாயலை எழுப்பிவிடுகிறது. கட்டி முடியாத வீடுகளில் கண்ணேறு கழிக்கத் தொங்கவிடப்படும் பூசணியும் பழஞ்செருப்பும், பொருளை அதன் பயனிலிருந்து பிரித்து வேறொரு பொறுப்பில் அமர்த்துபவை. அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு வைக்கப்படும் சுடுமண் குதிரை, காலப்போக்கில் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, மண்ணோடு கலப்பதற்கென்றே வைக்கப்படுகிறது. அழியும் பொருளில் அழிவையும் சேர்த்துச் செய்யும் கலை என்று மோனோ-ஹாவைப் பற்றி விமரிசகர்கள் இன்று எழுதுவதைத் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன.

ஜப்பானுக்கும் இந்த மண்ணுக்கும் நேரடியான இணைப்பும் உண்டு. 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை ரே மீக்கருடன் சேர்ந்து நிறுவிய டெபோரா ஸ்மித், அதற்கு முன் ஜப்பானின் பிஸென் பகுதியில் மட்பாண்டக் கலை பயின்றவர். பிஸென் கலங்களுக்கான களிமண் நெல்வயல்களின் அடியிலிருந்து எடுக்கப்படுவது. மேற்பூச்சு ஏதும் இன்றி, விறகுச் சூளையில் பல நாள்கள் சுடப்படும் அக்கலங்களின் மேல், தீயும் சாம்பலுமே வண்ணம் தீட்டுகின்றன. வயலடி மண்ணும் விறகுத் தீயும் வில்லியனூருக்குப் புதியவை அல்ல. மீக்கர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து, பச்சை மண்கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டு நிறுத்தும் முயற்சிகளை மேற்கொண்டார். மண்பாண்டத் தொழிலின் அறிவு கட்டடமாகவும், கட்டடம் ஒரு மாபெரும் சுடுமண் கலமாகவும் மாறிய அம்முயற்சி, யார் யாரை நகலெடுத்தார் என்னும் கேள்வியின் வறுமையைக் காட்டிவிடுகிறது. மண் சார்ந்த அறிவு நாடுகளுக்கிடையே பயணம் செய்கிறது; சென்ற இடத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு அது புதிதாகப் பிறக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கிராமத்தார் பழஞ்சட்டையையும் சட்டிபானையையும் பயன்படுத்துவது வறுமையாலும் வழக்கத்தாலும். ஜப்பானியக் கலைஞர் அவற்றைத் தேர்ந்தெடுப்பது விருப்பத்தால். ஆகவே இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்பதே அது. இவ்வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது: நோக்கங்கள் வேறுபட்டவை, வயலில் நிற்கும் உருவத்தை மோனோ-ஹா சிற்பம் என்று அழைப்பது இரண்டையும் திரிப்பதாகும். ஆனால் தேவை இருக்கும் இடத்தில் தேர்வு இருக்காது என்று கருதுவது கிராமத்தாரின் அறிவுக்கு இழுக்கு. கையில் கிடைத்த பொருள்களுள் எதை எடுப்பது, எதை விடுவது, எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதை வறுமை தீர்மானிப்பதில்லை, பார்வை தீர்மானிக்கிறது. இரண்டு வயல்களில் நிற்கும் இரண்டு உருவங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே அதற்குச் சான்று. எளிய மக்கள் செய்வதைத் தேவை என்றும், படித்தோர் செய்வதைத் தேர்வு என்றும் பிரிக்கும் அளவுகோல், கலையைப் பற்றிய அளவுகோல் அன்று. சமூகத் தட்டுகளைப் பற்றியது.

மூன்றாவது கூறு, காட்சியகச் சுவர் பற்றியது. அன்றாடப் பொருளைக் கலையாக்குவது காட்சியகமே என்றால், காட்சியகம் இல்லாத இடத்தில் அது கலையாக நிற்கக்கூடாது. ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில், பனி மிகுந்த நெல்விளையும் மலைக்கிராமங்களில், 2000ஆம் ஆண்டு முதல் கிதகாவா ஃபுராமின் நெறியாள்கையில் நடந்துவரும் எச்சிகோ-சுமாரி மூவாண்டுக் கலைவிழா இதற்கு நேர்மறுப்பு. ஏறத்தாழ 760 சதுர கிலோமீட்டர் பரப்பில், இளைஞர்கள் நகருக்குச் சென்றுவிட்டதால் வெறிச்சோடிய ஊர்களில், கைவிடப்பட்ட வீடுகளும் மூடப்பட்ட பள்ளிகளும் வயல்வரப்புகளுமே அங்கு கலையின் இடமும் பொருளும் ஆகின. குராக்காக்கே ஜூன்இச்சியும் நிஹோன் பல்கலைக்கழகத்தின் சிற்ப மாணவர்களும், கைவிடப்பட்ட ஒரு பழைய வீட்டின் தூண், தரை, உத்தரம், சுவர் ஆகிய அனைத்தையும் ஈராண்டுகளுக்கும் மேலாக உளியால் செதுக்கி, புகைபடிந்த மேற்பரப்புக்குக் கீழே இருந்த வெண்மரத்தை வெளிக்கொணர்ந்து, 2006இல் அவ்வீட்டையே சிற்பமாக்கினர். ஹச்சி என்னும் சிற்றூரில் மூடப்பட்ட தொடக்கப்பள்ளியில், படக்கதை ஓவியர் தஷிமா செய்சோ, ஆற்றிலும் கடற்கரையிலும் ஒதுங்கிய மரத்துண்டுகளையும் காய்களையும் விதைகளையும் கொண்டு, அப்பள்ளியின் கடைசி மூன்று மாணவரின் கதையை அறைதோறும் உருவங்களாக எழுப்பினார். 2009இல் திறக்கப்பட்ட அது, ஊர்மக்களின் பங்கேற்புடன் இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. இவ்விரு ஆக்கங்களிலும் வெள்ளைச் சுவர் இல்லை. ஊரின் நினைவு இருக்கிறது.

தமிழ்ச் சூழலில் இதற்கு இணையான சான்று யாழ்ப்பாணத்தில் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போர்நிறுத்தம் நிலவிய 2004ஆம் ஆண்டில், ‘அகம் புறம்’ கண்காட்சியின் பகுதியாக, யாழ்ப்பாண மக்கள் தம் வீடுகளில் காத்துவைத்திருந்த அன்றாடப் பொருள்களைத் திரட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் காட்சிப்படுத்தினார். 1981இல் எரிக்கப்பட்டுப் பல்லாயிரம் நூல்களையும் சுவடிகளையும் இழந்து, பின்னர் மீளக் கட்டப்பட்ட நூலகம் அது. எழுதப்பட்ட வரலாறு சாம்பலான கட்டடத்துக்குள், எழுதப்படாத வரலாற்றைத் தாங்கிய வீட்டுப் பொருள்கள் நுழைந்தன. அங்கே அப்பொருள்களுக்கு மதிப்பைத் தந்தது காட்சியகத்தின் அதிகாரம் என்று எவரும் சொல்ல முடியாது. அவற்றைத் தந்தவர்களின் இழப்பும், அவை வைக்கப்பட்ட இடத்தின் காயமும், இரண்டையும் இணைத்துப் பார்த்த கலைஞரின் தீர்ப்பும் சேர்ந்தே அம்மதிப்பை ஆக்கின. நகலின் நகல் என்று இதை அழைக்கத் துணிவோர் எவரேனும் உண்டாயின், அவர்கள் பார்வையில் குறை இருக்கிறது.

காட்சியகத்துக்குள்ளேயே நிகழும் ஆக்கங்களும் தம் வேரை வெளியில்தான் கொண்டுள்ளன என்பதற்கு மோரி யூக்கோவைச் சுட்டலாம். 1980இல் பிறந்த இவர், டோக்கியோ சுரங்க ரயில் நிலையங்களில் கூரை ஒழுகும் இடங்களில், நிலைய ஊழியர்கள் பிளாஸ்டிக் புட்டி, குடை, குழாய், வாளி ஆகிய கிடைத்தவற்றை இணைத்து நீரைத் திசைதிருப்பும் உத்திகளைப் பல்லாண்டுகள் படமெடுத்துத் தொகுத்தார். அவ்வுத்திகளிலிருந்து பிறந்த ஆக்கத்தை 2024ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியின் ஜப்பானிய அரங்கில் நிறுவினார். செயற்கையாக உண்டாக்கிய ஒழுக்கை, அந்நகரக் கடைகளிலேயே வாங்கிய வீட்டுப் பொருள்களைக் கொண்டு அவர் ஏந்திக் கடத்தினார். அழுகும் பழங்களில் மின்முனைகளைச் செருகி, அவற்றின் ஈரம் மாறுவதற்கேற்ப ஒலியும் ஒளியும் மாறும்படி அமைத்தார். பெயரறியாத ஊழியர்களின் சமயோசிதமே தம் கலையின் தொடக்கம் என்று ஒப்புக்கொள்ளும் இக்கலைஞர், கைவேலை அறிவை இகழ்பவர் அல்லர். அதைத் தம் ஆசானாகக் கொண்டவர்.

இக்கலையை ஆதரிப்போரிடமும் திருத்த வேண்டிய பிழை ஒன்று உண்டு. அன்றாடப் பொருளின் கலையைக் குப்பை மேலாண்மையின் விளம்பரமாகச் சுருக்குவது அது. 2019இல் டெல்லியில் திறக்கப்பட்ட ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்காவில் ஏறத்தாழ 150 டன் பழைய இரும்புப் பொருள்களைக் கொண்டு தாஜ்மகால் உள்ளிட்ட உலக அதிசயங்களின் மாதிரிகள் எழுப்பப்பட்டன. அங்கே பழைய இரும்பு, வேறொன்றின் தோற்றத்துக்கு அடங்கிப்போன கட்டுமானப் பொருளாக மட்டுமே நிற்கிறது. அதன் முந்தைய வாழ்க்கை பார்ப்போருக்கு ஒன்றும் சொல்வதில்லை. இதற்கு மாறாக, சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், புதுநகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைசல்களை 1957 முதல் மறைவாகச் சேகரித்து உருவாக்கி, 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தில், உடைந்த வளையல் வளையலாகவும் பீங்கான் ஓடு ஓடாகவும் தெரிந்துகொண்டே உருவங்களாகின்றன. பொருளை மீண்டும் பயன்படுத்துவது நல்ல பழக்கம். பொருளின் நினைவைப் பேசவைப்பது கலை. இவ்வேறுபாட்டைக் காணாதவர் திருக்கனூர்ப் பொம்மையிலும் மிச்சப்பட்ட தாளை மட்டுமே காண்பார்.

கலை ஒருபுறம், கைவினை மறுபுறம் என்னும் பிரிவு இயற்கையில் அமைந்ததன்று. அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, ஓவியத்தையும் தொழிற்கலையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தே தொடங்கியது. பாடத்திட்டங்களும் கண்காட்சிகளும் விருதுகளும்தான் இரண்டையும் படிப்படியாக விலக்கின. 1966இல் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் பாட்டிக் முதலிய கைவினைகளால் பொருளீட்டியே தம் கலையைக் காத்தனர். 1982இல் போபாலின் பாரத் பவனில் ஜெ. சுவாமிநாதன் அமைத்த ரூபங்கர் காட்சியகம், பழங்குடியினரின் ஆக்கங்களையும் நகர ஓவியர்களின் ஆக்கங்களையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே காலத்தவை என்று அறிவித்தது. ஜப்பானில் நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கி 1936இல் டோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகம் நிறுவிய யனாகி சோய்த்சு, பெயரற்ற கைவினைஞரின் அழகை உலகுக்கு உணர்த்தினார். ஆனால் பெயரின்மையை அழகாகக் கொண்டாடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு: பெயரில்லாதவருக்கு விலை பேசும் உரிமையும் இல்லாமற்போகிறது. வில்லியனூர்க் குயவரைக் கைவினைஞர் என்று போற்றிக்கொண்டே அவர் பெயரை எழுதாமல் விடுகிற போற்றுதல் அவருக்கு எந்த நன்மையும் செய்யாது.

ஆகவே, வில்லியனூரையும் ஜப்பானையும் எதிரெதிரே நிறுத்தும் கருத்து இரு தரப்பாருக்கும் அநீதி இழைக்கிறது. அதைக் கைவிடுவதன் பயன்கள் செயலளவிலும் உள்ளன. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் ஏரிப் படுகைகளிலிருந்து குயவர் களிமண் எடுக்கும் உரிமை, வெறும் தொழில் சலுகையாக அல்லாமல் கலையின் அடிப்படை உரிமையாகக் காக்கப்பட வேண்டும். மண் கிடைக்காத ஊரில் புவிசார் குறியீடு வெறும் தாளாக மட்டுமே எஞ்சும். சுடுமண் குதிரைகளும் காகிதக்கூழ் உருவங்களும் சுற்றுலா நினைவுப்பொருள்களாக மட்டும் விற்கப்படாமல், ஆக்கியவர் பெயர், ஆண்டு, ஊர், மண்ணின் தன்மை ஆகியவற்றுடன் காட்சியகங்களில் இடம்பெற வேண்டும். அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தின் மாணவர், செக்கினேயின் மண்ணுருளையைப் பயிலும் அதே பருவத்தில், அண்மையிலுள்ள வில்லியனூர்ச் சூளையில் மண் மிதிக்கவும் கற்க வேண்டும். சூளையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, தம் முன்னோரின் அறிவு உலகக் கலையின் நடுப்புள்ளியில் நிற்பது எடுத்துரைக்கப்பட வேண்டும். வில்லியனூரின் மண்ணை உயர்த்திப் பிடிப்பதற்குச் சியோட்டாவின் சாவிகளைத் தாழ்த்த வேண்டியதில்லை. மோரியின் புட்டிகளைப் போற்றுவதற்குத் திருக்கனூர்ப் பொம்மையை மறக்க வேண்டியதும் இல்லை. பொருளின் விலையையோ, அது வந்த நாட்டின் பெயரையோ, அது வைக்கப்பட்ட சுவரின் நிறத்தையோ அளவுகோலாகக் கொள்ளாமல், பொருளோடு கலைஞர் கொண்ட உறவின் ஆழத்தை மட்டும் கேட்கும் விமரிசனம் தமிழில் வளர வேண்டும். அவ்விமரிசனத்துக்குத் தேவையான சான்றுகள் அனைத்தும் புதுச்சேரியின் கொம்யூன்களிலேயே கிடைக்கின்றன.